கோட்பாட்டு வானியற்பியல்: பிளஸ் டூ முதல் பேராசிரியர் வேலை வரை

பூந்தமல்லிப் பக்கம் உள்ள பாரிவாக்கத்தில் ஒரு பிளஸ் டூ மாணவி "நான் ஆஸ்ட்ரோபிசிக்ஸ் படிக்கப் போறேன்" என்று சொன்னால், வீட்டில் வரும் முதல் கேள்வி, "அதப் படிச்சா இஸ்ரோல வேலை கிடைக்குமா?" என்பதுதான். இஸ்ரோ வேறு, இது வேறு. இஸ்ரோ ராக்கெட்டும் செயற்கைக்கோளும் செய்கிற இடம். அங்கே சேர்கிறவர்களில் பெரும்பாலோர் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் படித்த இன்ஜினியர்கள். கோட்பாட்டு வானியற்பியலாளர் செய்வது கணக்கு. விண்மீன் எதனால் எரிகிறது, எரிபொருள் தீர்ந்தபின் என்ன ஆகிறது, கருந்துளையைச் சுற்றி விழும் வாயு ஏன் அவ்வளவு சூடாகிறது என்பதையெல்லாம் இயற்பியல் விதிகளை வைத்துப் போட்டுப் பார்த்துச் சொல்கிற வேலை. சம்பளம் கொடுப்பவை பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும்.

இதற்குத் தொலைநோக்கி வேண்டாம். நல்லவேளை, வேண்டாம். டிரங்க் ரோட்டு விளக்குகளும் புதிது புதிதாக எழும் அடுக்குமாடிகளும் சேர்ந்து, பாரிவாக்கம் ஏரிக்கரையில் நின்றாலும் இரவில் பிரகாசமான சில விண்மீன்களை மட்டுமே விட்டுவைத்திருக்கின்றன. வேண்டியது கணிதம், ஒரு சுமாரான லேப்டாப், ஆங்கிலத்தில் படித்து எழுதும் பழக்கம். இவை மூன்றையும் இங்கிருந்தபடியே சேர்த்துவிடலாம். சேர்க்கக் கடினமானவை வேறு இரண்டு: எந்தத் தேர்வு எந்த மாதம் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது, இந்த வேலையை ஏற்கெனவே செய்கிறவர்களோடு பழக்கம். இந்தப் பகுதியிலிருந்து திறமையான பிள்ளைகள் தவறிப்போவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். அதனால் இந்த அத்தியாயம் இவற்றைப் பற்றியே அதிகம் பேசும்.

வயதுக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். பதினேழு, பதினெட்டில் பிளஸ் டூ. இருபது, இருபத்தொன்றில் பி.எஸ்சி. இருபத்துமூன்றில் எம்.எஸ்சி. முனைவர் பட்டம் முடிக்கும்போது இருபத்தெட்டு, இருபத்தொன்பது. அதன்பின் 'போஸ்ட்டாக்' எனப்படும் தற்காலிக ஆய்வாளர் வேலை. ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று ஆண்டு, பெரும்பாலும் இரண்டு வேலை, அதில் ஒன்றாவது வெளிநாட்டில். நிரந்தர வேலை கிடைத்தால் அப்போது வயது முப்பத்துமூன்றுக்கு மேல். 'கிடைத்தால்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். நுழைவதுதான் கடினம் என்று ஊரில் நினைக்கிறார்கள். ஒரு நல்ல இடத்தில் பிஎச்.டி. சேர்வது உழைப்பால் முடிகிற காரியம். நிலைப்பதுதான் கடினம்.

செலவைப் பற்றிப் பெற்றோருக்கு இருக்கும் பயம் மட்டும் பெரும்பாலும் தேவையற்றது. இந்தத் துறையில் முறையான பிஎச்.டி. என்றால் மாணவர் கட்டுவதில்லை, மாணவருக்குக் கொடுப்பார்கள். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து 42,000. வீட்டு வாடகைப் படி தனி. பணம் கட்டி பிஎச்.டி. சேரச் சொல்லும் இடம் எதுவானாலும் கோட்பாட்டு வானியற்பியலுக்கு அது சரியான இடமில்லை, வாசலிலேயே திரும்பிவிடுங்கள். இளங்கலையில் படிக்கும்போது, மாநிலப் பாடத்திட்டத் தேர்வில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் எடுப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பையர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். விதிகள் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்திரசேகர் என்ன செய்தார்

சுப்பிரமணியன் சந்திரசேகர் பேரைச் சொன்னதும் நோபல் பரிசு, மேதை என்று பேச்சு முடிந்துவிடுகிறது. மேதைமையை யாரும் பின்பற்ற முடியாது. அவர் பதினெட்டு வயதில் செய்ததைப் பின்பற்றலாம்.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1925-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அவருக்கு ஆசை கணிதத்தில். அப்பாவுக்கோ மகன் ஐ.சி.எஸ். எழுத வேண்டும், அதற்கு இயற்பியல் ஹானர்ஸ் பொருத்தம் என்று எண்ணம். மகன் இயற்பியலில் சேர்ந்துகொண்டு கணித வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்தார். வீட்டோடு சண்டை போடாமல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் இந்த வழி இன்றைக்கும் செல்லும்.

1928-ல் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவருடைய அணு அமைப்பு நூலைச் சந்திரசேகர் ஏற்கெனவே படித்து முடித்திருந்தார். அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ப் பார்த்தார். அந்தப் புத்தகம் பழசாகிவிட்டது, ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்றார் சோமர்ஃபெல்டு. உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றித் தாம் எழுதி இன்னும் அச்சேறாத கட்டுரையின் மெய்ப்புகளையும் கொடுத்தார். சந்திரசேகர் அதைப் படித்து, அந்தப் புதிய புள்ளியியலை வேறொரு சிக்கலில் பொருத்தி ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பினார். 1929-ல் அது ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. 1930-ல் உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியபோது அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் அதே ஃபௌலர். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு மீன்களின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்ற புகழ்பெற்ற கணக்கு அந்தக் கப்பல் பயணத்தில்தான் தொடங்கியது. அந்த வரம்பு சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு.

இதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவரை அவருடைய புத்தகத்தைப் படித்துவிட்டுப் போய்ப் பார்த்தது. அச்சாகாத கட்டுரையை வாங்கிப் படித்தது. படித்ததோடு நிற்காமல் சிறியதாக ஒன்றைச் செய்தது. அதை அந்தத் துறையில் உள்ளவருக்கு அனுப்பியது. இன்று அச்சாகாத கட்டுரைகளுக்காக யாரும் கப்பலில் வர வேண்டியதில்லை. 1991-ல் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில் வானியற்பியல் கட்டுரைகள் அநேகமாக எல்லாமே இலவசம். பழைய கட்டுரைகளைத் தேட நாசாவின் ஏ.டி.எஸ். தளம். பிஎச்.டி. மாணவர் கையில் இருப்பதும் இதுதான், பூந்தமல்லியில் பிளஸ் டூ படிப்பவர் போனில் இருப்பதும் இதுதான்.

கதையின் மறுபாதியும் உங்களுக்குத் தேவை. 1935 ஜனவரி 11 அன்று ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவைச் சொன்னார். அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன், அன்றைய வானியற்பியலின் முதல் பெயர், அதைக் கேலி செய்து தள்ளினார். எடிங்டன் சொன்னதுதான் தவறு. ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்லப் பெரிய இயற்பியலாளர்கள் முன்வரவில்லை. சந்திரசேகர் ஆண்டுக்கணக்கில் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1937-ல் அமெரிக்காவின் எர்க்ஸ் ஆய்வகத்தில் வேலையில் சேர்ந்தார். 1939-ல் விண்மீன் அமைப்பு பற்றி ஒரு நூல் எழுதி அந்தப் பாடத்தை மூடிவைத்தார். விண்மீன்களின் இயக்கம், ஒளிக்கதிர்ப் பரவல், பாய்மங்களின் நிலைப்பு என்று அடுத்தடுத்த துறைகளுக்கு நகர்ந்தார். நோபல் வந்தது 1983-ல். கோட்பாட்டில் ஒரே சிக்கலைக் கட்டிக்கொண்டு வாழ்நாள் முழுக்க இருப்பவர்களைவிட, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து வயலுக்குப் போகத் தெரிந்தவர்களுக்கே வேலை கிடைக்கிறது. ஹார்வர்டில் கருந்துளைகள் பற்றி ஆராயும் ரமேஷ் நாராயண் சென்னைப் பல்கலைக்கழக பி.எஸ்சி.; அவர் ஆய்வைத் தொடங்கியது படிகவியலில்.

கல்லூரியும் கணிதமும்

முதல் வரிசை வாய்ப்புகள் தெரிந்தவைதான். பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., ஐசர்கள், ஒடிசாவின் நைசர். ஐசர்களில் நமக்கு மிக அருகில் இருப்பது திருப்பதி. ஐசர்களுக்கு ஐ.ஏ.டி. தேர்வு, நைசருக்கு நெஸ்ட் தேர்வு. இரண்டும் கோடையில் வரும். நீட், ஜே.இ.இ. கோச்சிங் சென்டர்களில் இவற்றைப் பற்றிப் பேச்சே எழாததால், விண்ணப்பத் தேதி போனபிறகு கேள்விப்படுகிறவர்கள் பலர். சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகத்தின் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த ஹானர்ஸ் பட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோட்பாட்டுக்கு இவ்வளவு பொருத்தமான இளங்கலை தமிழ்நாட்டில் வேறில்லை என்பது என் கருத்து. சி.எஸ்.சேஷாத்ரி 1989-ல் தொடங்கி வளர்த்த நிறுவனம். ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ கூட்டமைப்பில் அங்கத்துவமும், அதில் வேலை செய்யும் ஆய்வாளர்களும் உண்டு. நுழைவுத் தேர்வு வழக்கமாக மே மாதம். கேள்விகள் பெரும்பாலும் பள்ளிப் பாட அளவிலேயே இருக்கும். ஆனால் யோசிக்க வைக்கும். மனப்பாடம் செய்தவர்கள் திணறுவார்கள்.

இவை எதுவும் கிடைக்கவில்லை என்றால் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். பட்டாபிராம் இந்துக் கல்லூரிக்கு ஆவடிக்கு அடுத்தே அதன் பெயரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அரும்பாக்கம் வைஷ்ணவக் கல்லூரி, லயோலா, மாநிலக் கல்லூரி எல்லாம் தினமும் போய்வரும் தூரம். இப்படிப்பட்ட கல்லூரியில் மூன்று ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, பிப்ரவரியில் நடக்கும் ஜாம் தேர்வு வழியாக ஐ.ஐ.டி.யிலோ, சியூஇடி முதுகலைத் தேர்வு வழியாக மத்தியப் பல்கலைக்கழகத்திலோ எம்.எஸ்சி. சேர்வது ஊரறிந்த வழி. சென்னை ஐ.ஐ.டி. இயற்பியல் துறையில் அண்டவியலிலும் ஈர்ப்பிலும் ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒரு குழுவாகவே இருக்கிறார்கள். கல்லூரியின் பெயருக்காக வீட்டு வசதியை மீறிக் கடன் வாங்காதீர்கள். சம்பளம் வரத் தொடங்குவது தள்ளிப்போகும் துறை இது, வட்டி தள்ளிப்போகாது.

'ஏரோஸ்பேஸ் படித்துவிட்டு வானியற்பியலுக்கு வரலாமா' என்பது பூந்தமல்லிப் பக்கம் அடிக்கடி வரும் கேள்வி. சுற்றிலும் இன்ஜினியரிங் கல்லூரிகள் அத்தனை. வரலாம். பி.இ. முடித்தவர்களை எடுக்கும் இடங்கள் உண்டு. ஆனால் குவாண்டம் இயங்கியல், புள்ளியியல் இயங்கியல் இரண்டையும் தனியாகப் படித்து நேர்முகத்தில் காட்ட வேண்டும். ஆசை இப்போதே தெளிவாக இருந்தால் நேர்வழியில் போவது நல்லது.

எந்தக் கல்லூரியானாலும் பாடத்திட்டம் மட்டும் போதாது. நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், சிக்கலெண் பகுப்பாய்வு, நிகழ்தகவு இந்த நான்கும் கை பழகியிருக்க வேண்டும். புரிந்தது என்பது வேறு, கணக்கு வருவது வேறு. நம் பி.எஸ்சி., எம்.எஸ்சி. பாடங்களில் அநேகமாக எங்குமே ஒழுங்காக இல்லாத ஒரு பாடம் பாய்ம இயங்கியல். விண்மீனும் பாய்மம், கருந்துளையைச் சுற்றும் வட்டும் பாய்மம், விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயுவும் பாய்மம். ஆனாலும் அதை இன்ஜினியரிங்காரர்களுக்கு விட்டுவிட்டோம். தனியாகப் படிக்கத்தான் வேண்டும். புத்தகம் என்றால் முதலில் அர்ணப் ராய் சௌதுரியின் 'ஆஸ்ட்ரோபிசிக்ஸ் ஃபார் பிசிசிஸ்ட்ஸ்'. இந்திய எம்.எஸ்சி. மாணவர் எங்கே தடுமாறுவார் என்று தெரிந்து எழுதியவர். தாணு பத்மநாபனின் மூன்று தொகுதி 'தியரடிகல் ஆஸ்ட்ரோபிசிக்ஸ்' பிறகு; அதை முதலில் எடுத்தால் மலைத்துப்போவீர்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் வகுப்புகள் என்பிடெல்லில் இலவசம்.

பென்சிலும் தாளும் போதும் என்பது இன்றைக்குப் பாதி உண்மை. பைதான் எழுதத் தெரியாமல் எந்தக் கோட்பாட்டுக் குழுவிலும் இடமில்லை. விண்மீன்களின் வாழ்க்கையைக் கணக்கிடும் 'மெசா' என்ற நிரல் திறந்த மூலம். சாதாரண லேப்டாப்பில் ஓடும். சூரியனை உருவாக்கி, அது பெருத்துச் சிவந்து, கடைசியில் வெண்குறு மீனாகச் சுருங்குவதை உங்கள் வீட்டு மேசையில் ஓட்டிப் பார்க்கலாம். இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. விடுமுறைக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலாண்டில் ஆங்கிலம் உறுத்தும், இரண்டாம் ஆண்டில் மறைந்துவிடும். மாநில அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூல்கள் இரு மொழியிலும் இருக்கின்றன; அருகருகே வைத்துப் படியுங்கள். நேர்முகத்தில் உங்கள் உச்சரிப்பை யாரும் மதிப்பிடுவதில்லை, கரும்பலகையில் என்ன எழுதுகிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

ஆட்களைத் தேடிப் போவது

தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் எப்படித் தோன்றியது என்று தெரிந்தால், ஆட்களோடு சேர்ந்து படிப்பதற்கு எவ்வளவு வலு உண்டு என்பது விளங்கும். 1950-களின் கடைசியில் சென்னைப் பல்கலைக்கழக ஆசிரியர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூர் லஸ்ஸில் உள்ள தம் வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டி, கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்திவந்தார். சென்னைக்கு வரும் வெளிநாட்டு அறிஞர்கள் அந்த வீட்டுக்கு வந்து பேசினார்கள். 1960-ல் வந்த நீல்ஸ் போர் அந்த இளைஞர்களைப் பாராட்டிச் சொன்னது அன்றைய அமைச்சர் சி.சுப்பிரமணியம் வழியாக நேரு வரை போய், 1962 ஜனவரி 3 அன்று நிறுவனம் திறக்கப்பட்டது. விழாவில் சந்திரசேகர் இருந்தார். ஒரு வீட்டில் கூடிய குழுவால் இது நடந்தது என்றால், பாரிவாக்கத்தில் நான்கு பேர் ஞாயிறுதோறும் கூடி ஒரு புத்தகத்தின் பயிற்சிக் கணக்குகளைப் போடுவது பெரிய காரியமில்லை. ஒருவர் போட, மற்றவர் குறை கண்டுபிடிக்க வேண்டும். வீடியோ பார்த்துத் தலையாட்டுவது படிப்பாகாது.

அந்த நிறுவனத்தில் நடக்கும் பொது உரைகளுக்குப் போங்கள். ஆண்டுக்கொரு முறை மியூசிக் அகாடமியில் அவர்கள் நடத்தும் 'சயன்ஸ் அட் த சபா' நிகழ்ச்சிக்கு அனுமதி இலவசம். நிறுவனத்துக்குப் போக, ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து பறக்கும் ரயிலில் தரமணி. பேச்சு முடிந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். பேசியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். தப்பான கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த முறை முகம் தெரிந்திருக்கும்.

இதைவிட முக்கியம் கோடைத் திட்டங்கள். இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகையில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு வேலை செய்யலாம். விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடும். புனே அயூகாவின் விடுமுறை மாணவர் திட்டம், டி.ஐ.எஃப்.ஆர். கோடைத் திட்டம், பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கோடைப் பள்ளி என்று இன்னும் பல. ஏப்ரலில் விடுமுறை விட்டபிறகு தேடினால் ஒன்றும் கிடைக்காது. தீபாவளி முடிந்ததும் தேட ஆரம்பியுங்கள்.

இவற்றுக்கு வெளியே, நேரடியாக ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதும் உண்டு. நம் மாணவர்கள் அதிகம் தோற்பது இந்த இடத்தில். 'மதிப்பிற்குரிய ஐயா, எனக்குச் சிறு வயது முதலே விண்வெளியில் மிகுந்த ஆர்வம்' என்று தொடங்கும் கடிதங்கள் ஒரு நாளைக்கு எத்தனை வருமோ, எல்லாம் ஒரே அச்சு. படிக்காமலே அழிக்கப்படும். அதே கடிதத்தை நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பி, அத்தனை முகவரியும் தெரியும்படி விடுவது அதைவிட மோசம்.

என்ன எழுதலாம்? அவருடைய ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். முழுவதும் புரியாது, முதல் நான்கு பக்கம் போதும். அதில் ஒரு சமன்பாட்டை நீங்களே வருவித்துப் பாருங்கள், அல்லது ஒரு வரைபடத்தைப் பைதானில் மறுபடி போட்டுப் பாருங்கள். கடிதத்தின் முதல் வரி நீங்கள் யார், எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு. இரண்டாம் வரி, எந்தக் கட்டுரை, எதைச் செய்து பார்த்தீர்கள், எங்கே நின்றுவிட்டீர்கள். மூன்றாவது, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வர முடியும், தங்க வசதி தேவையா. கீழே மதிப்பெண் பட்டியலும் போட்டுப் பார்த்த கணக்கும் இணைப்பு. மொத்தம் அரைப் பக்கம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்குமேல் வேண்டாம். அத்தகைய கடிதம் பத்து எழுதினால் பதில்கள் வரும். 'இந்தக் கோடையில் முடியாது' என்று வரும் பதிலும் ஒரு பதில்தான்.

கோடையில் நீங்கள் செய்த ஆய்வு உலகத்தை மாற்றாது. அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதிலிருந்து கிடைக்கும் பரிந்துரைக் கடிதம்தான் பலன். பிஎச்.டி.க்கும் பிறகு போஸ்ட்டாக்குக்கும் வழக்கமாக மூன்று கடிதம் கேட்பார்கள். 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி' என்று கல்லூரி முதல்வர் எழுதும் கடிதத்துக்கு இந்தத் துறையில் எடையே கிடையாது. 'இந்தக் கணக்கில் நான் விட்ட தவறை இவர் கண்டுபிடித்தார்' என்று ஒருவர் எழுதினால் போதும்.

பிஎச்.டி. சேர்வது

ஜெஸ்ட் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை, வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில். கணித அறிவியல் நிறுவனம், ராமன் ஆய்வு நிறுவனம், இந்திய வானியற்பியல் நிறுவனம், அயூகா, பெங்களூரு ஐ.சி.டி.எஸ். உள்ளிட்ட பல இடங்களுக்கு இந்த ஒரே தேர்வு. பி.எஸ்சி. முடித்தவர்களே தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் நேராக ஒருங்கிணைந்த பிஎச்.டி. சேரலாம், எம்.எஸ்சி.க்குத் தனியாக இடம் தேட வேண்டாம். டி.ஐ.எஃப்.ஆர். தேர்வு டிசம்பரில். சிஎஸ்ஐஆர்-யூஜிசி நெட் ஆண்டுக்கு இருமுறை. நெட் எழுதுவதில் இன்னொரு லாபமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நிறுவனத்தைவிட வழிகாட்டி முக்கியம். சேருமுன் அவருடைய முன்னாள் மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். பெயர்கள் அவருடைய கட்டுரைகளிலேயே இருக்கும். இப்போதைய மாணவர் ஒருவரைத் தனியாகப் பார்த்து, சார் வாரம் ஒருமுறை நேரம் கொடுக்கிறாரா, கட்டுரையில் முதல் பெயர் மாணவருக்குத் தருகிறாரா, எத்தனை ஆண்டில் முடிக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகள்தான் ஐந்தாறு ஆண்டைத் தீர்மானிக்கின்றன.

தலைப்பைப் பற்றி என் கருத்து: தரவு வந்துகொண்டிருக்கும் பகுதிக்கு அருகில் இருங்கள். 2015 செப்டம்பர் 14 அன்று முதல் ஈர்ப்பலை பதிவானபோது, இரு கருந்துளைகள் சுற்றி நெருங்கும்போது அலை எப்படி இருக்கும் என்ற கணக்கைப் பல ஆண்டு முன்பிருந்தே பொறுமையாகப் போட்டுவந்தவர்கள் தயாராக இருந்தார்கள். பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் இருந்த பாலா ஐயரும் பிரெஞ்சு நண்பர்களும் அந்த வரிசையில் முக்கியமானவர்கள். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் லைகோ-இந்தியாவுக்கு மத்திய அமைச்சரவை 2023-ல் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்திருக்கிறது. இன்று பள்ளியில் இருப்பவர் போஸ்ட்டாக் முடிக்கும் காலத்துக்கு அதன் தரவு பொருந்திவரலாம்.

அதற்குப் பிறகு

போஸ்ட்டாக் விளம்பரங்கள் செப்டம்பரில் தொடங்கி டிசம்பருக்குள் முடியும். அமெரிக்க வானியல் கழகத்தின் வேலைப் பட்டியல்தான் உலகம் முழுவதற்கும் பொது அறிவிப்புப் பலகை. பிப்ரவரி 15-க்கு முன் பதில் சொல்ல எந்த இடமும் நெருக்கக் கூடாது என்பது அந்தத் துறையின் ஏற்பாடு. அவசரப்படுத்துகிறவர்களிடம் அதை மரியாதையாக நினைவுபடுத்தலாம். இருபது, முப்பது விண்ணப்பம் போடுவது சாதாரணம். நிராகரிப்பை உங்களைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆண்டு அந்தக் குழுவுக்கு வேறு தலைப்பில் ஆள் தேவைப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

குடும்பம் பற்றி வழிகாட்டி நூல்கள் எழுதுவதில்லை, எழுத வேண்டும். இருபத்தெட்டிலிருந்து முப்பத்துநான்கு வரை நாடு விட்டு நாடு மாறும் வேலை. அதே ஆண்டுகளில்தான் நம் வீடுகளில் கல்யாணப் பேச்சு. சந்திரசேகரின் மனைவி லலிதாவும் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். 1936-ல் திருமணமானபின் அவருடைய அறிவியல் வாழ்க்கை நின்றுபோனது. இன்றும் இருவரும் ஆய்வாளர்கள் என்றால் ஒரே ஊரில் இரண்டு வேலை கிடைப்பதுதான் பெரிய சிக்கல். வேறு துறைக்காரரைக் கட்டிக்கொண்டால் அவர் ஊர் மாறத் தயாரா என்பது. பெண்ணுக்கு இடையில் நின்றுபோனால் திரும்பி வர மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டத்தில் உதவித்தொகைகள் இருக்கின்றன. கோயம்புத்தூரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் கருந்துளைகளின் பிறப்பைக் கணக்கிடும் பிரியம்வதா நடராஜனைப் போன்றவர்களின் பெயர் வீட்டில் தெரிந்திருப்பதும் பேச்சை எளிதாக்கும்.

இந்தியாவுக்குத் திரும்ப இன்ஸ்பையர் ஃபேகல்டி, ராமானுஜன் ஃபெலோஷிப் போன்ற ஐந்தாண்டு ஏற்பாடுகள் உண்டு. வயது வரம்பை முதலில் பாருங்கள். ஐ.ஐ.டி. உதவிப் பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம் 1,01,500 ரூபாயில் தொடங்குகிறது. அரசுக் கலைக் கல்லூரியில் 57,700.

அந்த இரண்டாவது எண்ணை இறக்கமாகப் பார்க்க வேண்டாம். 1955-ல் வெளிவந்து, பின்னாளில் பென்ரோஸும் ஹாக்கிங்கும் கருந்துளைக் கணிதத்துக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்ட சமன்பாட்டை எழுதிய அமல் குமார் ராய்சௌதுரி, பின்னர் பல்லாண்டுகள் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். அவர் வகுப்பிலிருந்து வந்த இயற்பியலாளர்கள் ஒரு தலைமுறை. நெட் எழுதுவதில் இன்னொரு லாபம் உண்டு என்று முன்பு சொன்னது இதற்காக; ஜெஸ்ட் வழியாகப் பெரிய நிறுவனத்தில் சேர்ந்துவிட்டாலும் நெட் எழுதிவிடுங்கள். நெட், உதவித்தொகைக்கு மட்டுமான தேர்வல்ல. கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதியும் அதில் உண்டு. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) அறிவிப்பு வரும்போது அந்தச் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.

நிறுவன வேலையும் இல்லை, கல்லூரியும் வேண்டாம் என்றால், சிமுலேஷன் எழுதிய கையும் புள்ளியியல் தெரிந்த தலையும் போரூரிலும் அம்பத்தூரிலும் உள்ள கம்பெனிகளுக்கு நன்றாகவே தேவைப்படுகின்றன. ஆனால் அவர்கள் ஆய்வுக் கட்டுரையைப் படிக்க மாட்டார்கள், நிரலைத்தான் பார்ப்பார்கள். அதனால் பிஎச்.டி. முதல் ஆண்டிலிருந்தே எழுதும் நிரல்களை ஒழுங்காக, விளக்கக் குறிப்புகளோடு, பொதுவில் வைத்துக்கொண்டு வாருங்கள். போஸ்ட்டாக் விண்ணப்பத்திலும் அதன் முகவரியைக் கொடுக்கலாம்.